‘டர்ன் டேக்கிங்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒருவர் பேசி நிறுத்துகிறார், இன்னொருவர் தொடங்குகிறார். பேச்சு இப்படி ஆள்விட்டு ஆள் போகும் ஒழுங்குக்கு ‘டர்ன் டேக்கிங்’ என்று பெயர். திரைப்பட வகுப்பறைக் காட்சிகளை அலசுபவர்கள் இதைத் தமிழிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

‘டர்ன்’ என்பதன் வேர், கடைசல் எந்திரத்தில் சுழற்றிக் கடைவதைக் குறித்த லத்தீன் ‘தொர்னாரே’. அது நேராகவும் பழைய பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்தது. சுற்றி வருவது என்ற பொருளிலிருந்து, சுற்றி நம்மிடம் வந்து நிற்கும் முறை என்ற பொருள் கிளைத்தது. உரையாடல் ஆய்வில் இந்தச் சொல் வேரூன்றியது ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974இல் எழுதிய கட்டுரையால். அவர்கள் கண்ட விதி எளியது: பேசுபவர் அடுத்தவரைச் சுட்டலாம், சுட்டாவிட்டால் முந்திக்கொண்டவருக்கு முறை, யாரும் முந்தாவிட்டால் பேசியவரே தொடரலாம். இதெல்லாம் நடப்பது மின்னல் வேகத்தில். பத்து மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில், கேள்விக்கும் விடைக்கும் இடைவெளி சராசரியாக 0.2 வினாடிதான்.

வகுப்பறையில் இந்த விதி அப்படியே செல்லாது. ஆய்வாளர் அலெக் மெக்ஹௌல் 1978இல் காட்டியதுபோல, மாணவர் பேசி முடித்ததும் முறை பக்கத்து மாணவருக்குப் போவதில்லை, ஆசிரியரிடமே திரும்புகிறது. வகுப்பைக் காணொளியில் பதிந்து ஆராய்ந்த ஹ்யூ மெஹான் 1979இல் விவரித்த அமைப்பும் இதையே சொல்கிறது: ஆசிரியரின் கேள்வி, மாணவரின் விடை, ஆசிரியரின் ‘சரி’ அல்லது ‘தப்பு’. மூன்றில் இரண்டு முறை ஒருவருக்கே! ஆக, ‘டேக்கிங்’ என்ற பாதி இங்கே ஒட்டவில்லை. மாணவர் முறையை எடுப்பது அரிது. பெரும்பாலும் அது கொடுக்கப்படுகிறது.

திரைப்படத்தில் இன்னொரு சிக்கல். இரண்டு குரல்கள் ஒரே ஒலிப்பதிவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் படத்தொகுப்பில் பிரித்து வெட்ட முடியாது. அதனால் நடிகர்கள் ஒருவர் முடிக்கும்வரை காத்திருக்கப் பழகியிருக்கிறார்கள். திரையில் வரும் வகுப்புகள் நம்ப முடியாத அளவுக்கு மரியாதையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2008இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருது பெற்ற, வகுப்பறையில் நடக்கும் பிரெஞ்சுப் படமான ‘ஆந்த்ர் லே முர்’ரில் இயக்குநர் லோராங் காந்தே மூன்று கேமராக்களை வைத்தார். ஒன்று ஆசிரியர்மீது, ஒன்று பேசும் மாணவர்மீது, மூன்றாவது எங்கிருந்து குறுக்கீடு கிளம்பினாலும் பிடிக்க. அந்த மூன்றாவது கேமராதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொடுக்காமலே எடுக்கப்பட்ட முறைகள் அதில்தான் சிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘டர்ன்’ என்பதற்கு யோசிக்கவே வேண்டாம், ‘முறை’ போதும். விளையாடும் குழந்தைகூட ‘இப்போ என் முறை’ என்கிறது. தொடராக்கும்போதுதான் வம்பு. ‘பேச்சுமுறை’ என்றால் பேசும் பாணி என்று வாசிப்பார்கள். ‘முறைமாற்றம்’ என்றால் வழிமுறையையே மாற்றியதாகப் படும். ‘முறைமாறி’ என்றாலோ ஏதோ தகாதது நடந்துவிட்டதுபோல ஒலிக்கும். ‘முறைவைத்துப் பேசுதல்’ நல்ல தமிழ்தான், ஆனால் முன்கூட்டியே வரிசை போட்டதாகிவிடும். விவாத மேடைக்குப் பொருந்தும், அரட்டைக்குப் பொருந்தாது.

என் தேர்வு ‘பேச்சுக் கைமாற்றம்’. கொடுத்தாலும் பறித்தாலும் கைமாறியதுதான், ஆகவே வகுப்பறைக்கும் நிற்கும், அரட்டைக்கும் நிற்கும். ‘கைமாற்று’ என்று சுருக்கிவிடாதீர்கள், கடன் கேட்பதாகிவிடும். காட்சியை விவரிக்கையில் வினைகளைப் பிரித்தே எழுதலாம்: ஆசிரியர் முறை தருகிறார், கடைசி வரிசை மாணவி முறையைப் பறிக்கிறாள், அடுத்தவன் கிடைத்த முறையை விட்டுவிடுகிறான்.