சாம்பியன் – வாகையர்: சொல் விளக்கம்

இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர், எந்தக் கோப்பையை எந்த அணி வென்றாலும் அதனைச் ‘சாம்பியன்’ என்று குறித்துவிடுகின்றனர். அந்நாட்டு வழக்கு அவ்வளவு தாராளமானதன்று. அங்கே சாம்பியன் எனில், முதல்நிலை லீகில் எல்லா அணிகளோடும் சொந்தத் திடலில் ஒரு முறையும் எதிரணித் திடலில் ஒரு முறையும் ஆடி, சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலின் முதலிடத்தில் நிற்கும் கழகம் மட்டுமே. தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் எஃப்.ஏ. கோப்பை லீகைவிட மூத்தது. ஆயினும் அதை வென்ற அணி ‘கோப்பை வென்ற அணி’தான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘கேம்பஸ்’ என்றால் திறந்தவெளி, களம். அதிலிருந்து, களத்தில் இறங்கிப் பொருதுபவன் என்னும் பொருளில் பிற்கால லத்தீனில் ‘கேம்பியோ’ பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. நாம் நாள்தோறும் சொல்லும் கல்லூரிக் கேம்பஸும், கண் மருத்துவக் கேம்ப்பும் இதே வேரின் கிளைகள்தாம். இடைக்கால இங்கிலாந்தில் சில வழக்குகளைச் சண்டையிட்டுத் தீர்க்கும் முறை இருந்தது. நில உரிமை வழக்கில் வழக்காடுபவருக்குப் பதிலாகக் களமிறங்கிச் சண்டையிடுபவரே சாம்பியன். ஆக, அன்று அச்சொல் வென்றவரைக் குறிக்கவில்லை. பிறர் பொருட்டுப் போரிடுபவரைக் குறித்தது. அச்சட்டம் 1819இல்தான் நீக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, நான்காம் ஜார்ஜ் முடிசூடிய விருந்தின்போது, டைமோக் குடும்பத்தைச் சேர்ந்த ‘அரசரின் சாம்பியன்’ முழுக் கவசம் பூண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் குதிரையேறி வந்தார். அரசரின் உரிமையை மறுப்பவர் எவரேனும் இருந்தால் தம்மோடு பொருத வரலாம் என்று அறைகூவி இரும்புக் கையுறையைத் தரையில் வீசினார். எவரும் அதை எடுக்கவில்லை. அரசர் பொற்கிண்ணத்தில் அருந்தி, அக்கிண்ணத்தையே அவருக்குப் பரிசாக அளித்தார். சண்டையே இடாமல் கோப்பை பெற்ற சாம்பியன்! முடிசூட்டு விருந்தில் இச்சடங்கு நடந்தது அதுவே கடைசி முறை.

1888இல் பன்னிரண்டு கழகங்களுடன் கால்பந்து லீக் தொடங்கியபோது, இச்சொல் ‘எல்லோரினும் மேம்பட்டவர்’ என்னும் பொருளுக்கு முழுமையாக மாறியிருந்தது. முதல் சாம்பியனான பிரெஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்களில் 18இல் வென்று, நான்கைச் சமன் செய்து, ஒன்றிலும் தோற்கவில்லை. அடுத்த ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. அதன் பின் இன்றுவரை இல்லை. ஆதிக்கம் ஓர் ஊரில் நெடுநாள் தங்குவதில்லை என்பதற்கு ஹடர்ஸ்ஃபீல்டு இன்னும் நல்ல சான்று. 1924, 1925, 1926 என அடுத்தடுத்து மூன்று முறை பட்டம் வென்ற முதல் கழகம் அது. ஆனால், முதல் இரண்டையும் வென்று தந்த மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் 1925இலேயே அர்செனலுக்குச் சென்றுவிட்டார். 1930களில் அர்செனல் தன் பங்குக்கு மூன்று பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அம்மூன்றில் இரண்டாவதன் நடுவே, 1934 ஜனவரியில், சாப்மன் இறந்துபோனார். 1976 முதல் 1990 வரையிலான பதினைந்து சீசன்களில் பத்துப் பட்டங்கள் லிவர்பூலுக்கு. 1993 முதல் 2013 வரை அலெக்ஸ் ஃபெர்குசனின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பதின்மூன்று. தொடர்ந்து நான்கு என்பதை 2024இல் மான்செஸ்டர் சிட்டிதான் முதன்முதலாக எட்டியது.

சொல்லின் எல்லையைத் துல்லியமாகக் காட்டியது 1989 மே 26ஆம் நாள் இரவு. ஆறு நாள் முன்னர் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்த லிவர்பூல், சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில், ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் சாம்பியன் என்ற நிலையில் அர்செனலை எதிர்கொண்டது. கூடுதல் நிமிடங்களில் அர்செனலின் மைக்கேல் தாமஸ் இரண்டாவது கோலை அடிக்க, அர்செனல் 2-0 என வென்றது. இரு அணிகளுக்கும் 76 புள்ளிகள். கோல் வித்தியாசமும் ஒன்றே. மொத்தம் அடித்த கோல்களில் அர்செனல் 73, லிவர்பூல் 65. கோப்பை லிவர்பூலிடம் இருந்தது, சாம்பியன் அர்செனல்.

இதற்குத் தமிழ் என்ன? ‘வெற்றியாளர்’ போதாது, ஓர் ஆட்டத்தில் வென்றவரும் வெற்றியாளரே. ‘முதல்வர்’ என்றால் வாசகர் தலைமைச் செயலகத்தை நினைப்பார். ‘வாகையர்’ என்பதே என் தேர்வு. வென்றவர் சூடும் பூ என்பதால் மட்டும் அன்று. தொல்காப்பியம் வாகைத் திணைக்குத் தரும் இலக்கணம் ‘தாவில் கொள்கைத் தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்’ என்பது. அதாவது குற்றமற்ற நெறியில் தத்தம் துறையின் ஆற்றலைப் பிறரினும் மேம்படச் செய்தல். அதனால்தான் அறிவன் வாகை, வேளாண் வாகை என்றெல்லாம் போரோடு தொடர்பற்ற துறைகளும் பின்னர் வாகைத் திணையில் இடம்பெற்றன. ஆகஸ்டு முதல் மே வரை நீளும் லீகில் மேம்பட்டு நிற்பதற்கு இவ்வளவு பொருந்தும் சொல்லை நாம் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. கழகத்தை ‘வாகை அணி’ என்றும், பட்டத்தை ‘வாகைப் பட்டம்’ என்றும் சொல்லலாம்.

மொழிபெயர்ப்போர் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். 2004 முதல் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகுக்குச் ‘சாம்பியன்ஷிப்’ என்று பெயர்; அது சிறப்புப் பெயர், அப்படியே விடுக. ஐரோப்பியக் கழகங்கள் மோதும் ‘சாம்பியன்ஸ் லீக்’ என்பதும் பெயரளவில்தான் வாகையர்க்கு உரியது. 2019இல் அதை வென்ற லிவர்பூல், முந்தைய சீசனில் உள்நாட்டு லீகில் நான்காம் இடத்தைப் பெற்ற அணி.

சென்ற சீசனில் பட்டம் வென்ற அணியை ஆங்கிலத்தில் பட்டத்தைக் காத்து நிற்பவர் என்பர். நம் செய்தித்தாள்களின் ‘நடப்பு’ என்னும் அடையே சரியானது. லீகில் எல்லோரும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதால் காத்து நிற்க ஒன்றும் இல்லை. 1937இல் வாகை சூடிய மான்செஸ்டர் சிட்டி, மறு சீசனில் முதல்நிலையிலேயே மிகுதியாக 80 கோல்கள் அடித்தும், நடப்பு வாகையராகவே இரண்டாம் நிலைக்கு இறங்கியது.