கத்திக்கு முன்னால் காற்று: உட்கார்ந்து ஓட்டும் மோவரும் நம் ஊர்த் தரையும்

பாலாற்றங்கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால், வேலூர் பக்கத்தில் பல இடங்களில் மண்ணைவிடச் சரளைதான் அதிகம். அங்கே புல்தரை போடுகிறவர்கள் லாரியில் செம்மண் கொண்டுவந்து சில அங்குலத்துக்குப் பரப்பி, அதன் மேல்தான் புல் பதிக்கிறார்கள். கட்டடம் கட்டியபோது சிந்திய ஜல்லி, டைல்ஸ் சில்லு, கட்டுக்கம்பித் துண்டு எல்லாம் அடியில் அப்படியே கிடக்கும். ஒரு கனமழை பெய்து மண் கரைந்தால் அவை மேலே வந்து புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஏக்கர் கணக்கில் புல் உள்ள கல்லூரிகளும் மைதானங்களும் உட்கார்ந்து ஓட்டும் மோவரை, அதாவது புல்வெட்டும் இயந்திரத்தை, வாங்குகின்றன. பார்வைக்கு அது குட்டி டிராக்டர். ஸ்டீயரிங், பெடல், சீட் எல்லாம் இருப்பதால் வண்டி ஓட்டத் தெரிந்த யாரையும் அதில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது ஸ்டீயரிங்கை அல்ல, சீட்டுக்குக் கீழே கவிழ்த்து வைத்த தட்டுப் போல இருக்கும் டெக்கை. அதற்குள் நடப்பது புரிந்துவிட்டால் பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே புரிந்துவிடும்.

அரிவாளால் அறுக்கும்போது இடது கை புல்லைப் பிடித்துக்கொள்கிறது. கத்தரிக்கோலில் ஒரு அலகுக்கு எதிராக இன்னொரு அலகு இருக்கிறது. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் 1830-இல் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டும் இயந்திரத்திலும், சுழலும் உருளைக் கத்திகள் அசையாத ஒரு பட்டையில் உரசித்தான் வெட்டின. துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிரை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து அவர் செய்தது அது. உட்கார்ந்து ஓட்டும் இந்த மோவரிலோ புல்லைப் பிடிக்க எதுவும் இல்லை. அந்தரத்தில் நிற்கும் மெல்லிய இலையை, அது வளைந்து தப்பிப்பதற்குள் அடித்து வெட்ட வேண்டும். அதற்கு ஒரே வழி வேகம்.

42 அங்குல டெக்கில் வழக்கமாக இரண்டு பிளேடுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 53 செ.மீ. நீளம். நிமிடத்துக்கு 3,300 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 55 சுற்று. பிளேடின் நுனி நொடிக்கு சுமார் 91 மீட்டர், அதாவது மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரநிலை இந்த நுனி வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது நொடிக்கு 96.5 மீட்டர். சாதாரண மோவர்கள் அந்த வரம்பை ஒட்டியேதான் வேலை செய்கின்றன.

பிளேடைக் கழற்றிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். முழு நீளமும் கூராக இருக்காது. இரு முனைகளிலும் சில அங்குலம்தான் கூர். கூருக்குப் பின்பக்கம் இரும்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு காற்றை மேலே தள்ளுகிறது. டெக்குக்கு அடியில் அழுத்தம் குறைகிறது, விளிம்பு வழியாக வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. சக்கரம் ஏறிப் படுத்த புல்லும் அந்தக் காற்றில் எழுந்து நிற்கிறது. அப்புறம்தான் கூர் வந்து வெட்டுகிறது. வெட்டிய துணுக்கை டெக்கின் பக்கவாட்டில் உள்ள வெளியேற்றும் வாயான சூட் வழியாக வெளியே தள்ளுவதும் அதே காற்றுதான். பிளேடைத் தலைகீழாக மாட்டிவிட்டால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் புல் மசியுமே தவிர வெட்டுப்படாது.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பாதியில் வைத்து ஓட்டுவதில் லாபம் இல்லாததும் இதனால்தான். பிளேடு வேகம் பாதியானால் அது உண்டாக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். புல் எழாது, துணுக்கு வெளியேறாது, ஒரே இடத்தை இரண்டு முறை ஓட்ட வேண்டிவரும். வெட்டும்போது எஞ்சின் முழு வேகத்தில் இருக்கட்டும். புல் அடர்த்தியாக இருந்தால் வண்டி நகரும் வேகத்தை மட்டும் குறையுங்கள். ஈரப்புல்லும் இதே காற்றுக்கு எதிரி. கனத்த துணுக்குகள் டெக்கின் உட்புறத்தில் அப்பிக்கொண்டு காற்றுப் பாதையை அடைக்கும். ஸ்பிரிங்ளரைத் திறப்பது வெட்டிய பிறகு இருக்கட்டும். ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம்.

இனி கல்லுக்கு வருவோம். புல்லை நிமிர்த்தும் காற்று சின்னச் சில்லுகளையும் எழுப்பும், பிளேடு அதைப் புல்லைப் போலவே அடிக்கும். 100 கிராம் சரளைக்கல் பிளேடின் பாதி வேகத்தைப் பெற்றாலே அதன் ஆற்றல் 100 ஜூலைத் தாண்டுகிறது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலே 90 ஜூல்தான். கல்லுக்கு முனையும் உண்டு. கட்டுக்கம்பி இன்னும் மோசம், அது எந்தப் பக்கம் பாயும் என்று ஊகிக்கவே முடியாது.

ஆகவே நம் ஊரில் புல்வெட்டுவது ஒரு வாளியோடு தரையை நடந்து பார்ப்பதில் தொடங்குகிறது. மழைக்குப் பிறகு இதைத் தவறவே விடக் கூடாது. இதைச் சொன்னால் சில ஆபரேட்டர்களுக்குப் பிடிக்காது. அரை மணி நேரம் வீண் என்பார்கள். ஒரு கார்க் கண்ணாடியின் விலையை நினைவூட்டிப் பாருங்கள். சூட்டின் வாயில் தொங்கும் மூடி துணுக்கையும் கல்லையும் தரையை நோக்கித் திருப்புவதற்காக இருக்கிறது. புல் அடைக்கிறது என்று அதைக் கயிறு போட்டுத் தூக்கிக் கட்டி வைப்பது ஆள் உயரத்துக்குக் குறி வைப்பதற்குச் சமம். ஜல்லிப் பாதையைக் கடக்கும்போது பிளேடை நிறுத்திவிட்டுக் கடக்க வேண்டும். யாராவது நெருங்கி வந்தால் பேச்சுக்கு முன் பிளேடு நிற்கட்டும். காதுக்குக் காப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஷூ. செருப்போடு ஏறுவது நம் ஊரில் சகஜம், அதை நிறுத்துவதுதான் கஷ்டம்.

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பிளேடு ஓடும்போது ஓட்டுபவர் எழுந்தால் அது எஞ்சினை அணைத்து, சில நொடிகளில் பிளேடு நிற்க வழிசெய்யும். மேடு பள்ளத்தில் குலுங்கும்போதும் சில சமயம் எஞ்சின் அணைந்துவிடும். அந்த எரிச்சலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "இதை டைரக்ட் பண்ணிடுங்க" என்பார்கள். இரண்டு வயரை முறுக்கிவிட்டால் தொந்தரவு தீர்ந்தது. அதோடு, கவிழும் வண்டியிலிருந்து விழுகிற ஆளுக்கும் சுழலும் பிளேடுக்கும் நடுவில் இருந்த ஒரே தடுப்பும் போய்விட்டது. வாரம் ஒரு முறை, ஆள் இல்லாத இடத்தில், வண்டியை நிறுத்தி பிரேக் போட்டுப் பிளேடை ஓடவிட்டு, சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாவிட்டால் அன்று வேலை இல்லை.

பிள்ளையை மடியில் வைத்து ஒரு ரவுண்டு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவின் எடை சீட்டில் இருக்கும்வரை சுவிட்ச் எஞ்சினை அணைக்காது. மடியிலிருந்த பிள்ளை நழுவி விழுந்தது அதற்குத் தெரியாது, பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும். பின்னோக்கி எடுக்கும்போதும் இதே கதைதான். ஒரு முறை ஏற்றி விளையாட்டுக் காட்டிய பிள்ளை, அடுத்த நாள் சத்தம் கேட்டதும் பின்னாலிருந்து ஓடி வரும். ரிவர்ஸ் எடுக்குமுன் பிளேடை அணைத்து, திரும்பி, கீழேயும் பார்க்க வேண்டும்.

சரிவுக்குப் பெரும்பாலான கையேடுகள் 15 டிகிரி என்று எல்லை வைக்கின்றன. நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வகையில் சில மாடல்களுக்கு 10 டிகிரிதான். கணக்குப் போட்டால் இது அநியாயமாகக் குறைவாகத் தோன்றும். சக்கரங்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே 90 செ.மீ., ஆளோடு சேர்ந்த புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரம் என்றால், அசையாமல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் கவிழ சுமார் 35 டிகிரி சரிவு வேண்டும். ஆனால் வண்டி அசையாமல் நிற்பதில்லையே. 15 டிகிரியில் குறுக்கே போகும்போது கீழ்ப்பக்கச் சக்கரம் 10 செ.மீ. ஆழ எலி வளையில் இறங்கினால் இன்னொரு 6 டிகிரி சேர்கிறது. அதே நேரம் மேல்பக்கச் சக்கரம் அதே உயரக் கல்லில் ஏறினால் மேலும் 6. அங்கேயே மேட்டை நோக்கி மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினால், வெளியே தள்ளும் விசை மட்டும் சுமார் 10 டிகிரிக்குச் சமம். கூட்டினால் 37. வண்டி போய்விட்டது.

டிராக்டர் வகை மோவரைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்வதும், சரிவின் நடுவில் திரும்ப வேண்டாம் என்பதும் இதனால்தான். நடந்து தள்ளும் மோவருக்கு விதி நேர்மாறு: குறுக்கே தள்ள வேண்டும், வழுக்கினால் கால் பிளேடுக்குள் போகாமல் இருக்க. ஜீரோ டர்னில் முன் சக்கரங்கள் எந்தப் பக்கமும் தாமாகத் திரும்பிக்கொள்பவை. திசை திருப்புவது பின் சக்கரங்கள் மட்டுமே. ஈரப்புல்லில் அவை பிடிப்பை இழந்தால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். ஏரிக்கரை போன்ற இடத்தில் இந்த வண்டிகளுக்கு வேலையே இல்லை. 1-க்கு 2 என்று, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலமாக, கட்டிய கரையின் சரிவு 26 டிகிரிக்கு மேல். அகழி ஓரம், தடுப்புச் சுவர் ஓரம் இவற்றில் இரண்டு வண்டி அகலம் விட்டு, மிச்சத்தைக் கையால் வெட்டுங்கள். சரிவை அளக்க மேஸ்திரியின் ரசமட்டம் போதும். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து மட்டமாகப் பிடித்தால், மறுமுனைக்கும் தரைக்கும் இடைவெளி 27 செ.மீ. இருந்தால் அதுதான் 15 டிகிரி.

எஞ்சின் பெரும்பாலும் காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் மேல் உள்ள விசிறி காற்றை இழுத்துச் சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகளின் இடையே அனுப்புகிறது. வேலூர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். உள்ளே போகும் காற்றே அந்தச் சூட்டில்தான் போகிறது. அதில் செம்மண் தூசியும் புல்துணுக்கும் துடுப்புகளை அடைத்தால் எஞ்சின் வெந்துவிடும். கையேட்டில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்ய 25 மணி நேரம் என்று போட்டிருந்தால், தூசியான இடத்தில் அதற்கு முன்பே செய்யச் சொல்லும் குறிப்பும் அதன் கீழேயே இருக்கும். நம்முடையது அந்தத் தூசியான இடம். எண்ணெய் அளவைச் சமதரையில் வைத்து, ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் பாருங்கள். சைலன்சரைச் சுற்றிச் சேரும் காய்ந்த புல்லைத் தினமும் தட்டிவிடுங்கள். அது தீப்பற்றப் பொறி தேவையில்லை, சூடே போதும். பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகு, வெட்டவெளியில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கொட்டகைத் தரையோடு பரவி எங்கோ இருக்கும் தீப்பொறியைத் தேடிப் போகும்.

பிளேடைக் கழற்றுமுன் சாவியை எடுத்து, பிளக் வயரையும் பிடுங்கிவிடுங்கள். வண்டி நிற்க வேண்டியது ஸ்டாண்டின் மேல், வெறும் ஜாக்கியின் மேல் அல்ல. ஒரு பிளேடைக் கையால் சுற்றினால் பெல்ட் வழியாக மற்றதும் சுற்றும் என்பதை மறந்து விரல் இழப்பதும் உண்டு. சாணை பிடிக்கும்போது இரும்பு நீலம் பாரித்தால் அந்த இடம் பதம் இழந்துவிட்டது. விரிசல் விட்ட பிளேடைப் பட்டறையில், "ஒட்டிக் குடுத்துடறேன் சார்" என்பார்கள். வேண்டாம், தூக்கிப் போடுங்கள். மணிக்கு 330 கி.மீ.யில் உடையும் வெல்டிங்குக்கு எந்த டெக்கும் தாங்காது.

சாணை பிடித்த பிளேடை நடுத்துளை வழியாக ஆணியில் தொங்கவிட்டால் மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் 10 கிராம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கும் அந்த 10 கிராம், நொடிக்கு 55 சுற்றில் கிட்டத்தட்ட 300 நியூட்டன் விசையோடு, அதாவது 30 கிலோ எடை தொங்குவதைப் போல, பிளேடு மாட்டிய அச்சான ஸ்பிண்டிலை இழுக்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. பேரிங் போவது, நட்டு கழல்வது, டெக்கில் விரிசல் விழுவது எல்லாம் இதனால் வருபவை. ஸ்டீயரிங்கில் புதிதாக ஒரு அதிர்வு தெரிந்தால் அப்போதே நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் பஞ்சர் போடும் கடைக்காரருக்கு வாழ்வு கொடுப்பவை. அவர் பைக்குக்குப் போல 30 பிஎஸ்ஐ காற்றடித்து அனுப்பிவிடுவார். பல மாடல்களில் வேண்டியது 10 முதல் 15 வரைதான். கூடினால் பிடிப்பு குறையும். இரு பக்கமும் வேறுபட்டால் டெக் சாய்ந்து புல் படிக்கட்டாக வெட்டுப்படும்.

வெளிநாட்டுக் கையேடுகள் குளிர்காலத்துக்கு மோவரை எடுத்து வைப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நம் ஊரில் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டிய மாதம் மார்ச். போர்வெல் வற்றி, புல் காய்ந்து, வண்டி சும்மா நிற்கப்போகும் காலம் அது. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பல மோவர் எஞ்சின்களின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. வாங்கும்போதே விற்பனையாளரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளையில் பிசினாகும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும்வரை வெளியில் ஓடவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். ஜூனில் மழை வந்து புல் தலை தூக்கும்போது சாவியைத் திருப்புமுன் விசிறி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே எலி கூடு கட்டியிருக்கும், அது முதலில் கடித்திருப்பது பெரும்பாலும் சீட் சுவிட்ச் வயராகத்தான் இருக்கும்.