மார்கழி ஓட்டமும் தை மாதக் குதிகாலும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். என் பிசியோதெரபி அறையில் தை பிறந்தால் குதிகால் வலிதான் பிறக்கிறது. மாரத்தான் ஓடுகிறவர்கள் எப்போதும் வருவார்கள். சில வருடங்களாக டிரையத்லான்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தர்மபுரியிலா என்று கேட்காதீர்கள். ஓசூரில் வேலை, பெங்களூரில் நண்பர்கள், வீட்டில் ஒரு நல்ல சைக்கிள் இருந்தால் போதும், ஆசை வந்துவிடும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: முழுத் தூர டிரையத்லான் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். அயர்ன்மேன் போட்டிகளில் இதைப் பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2019-ல் கோவாவில் தொடங்கிய அயர்ன்மேன் போட்டி இதில் சரிபாதி: 1.9, 90, 21.1.

சென்ற தையில் ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். ஜூலையில் ஜெர்மனியின் ரோத் ஊரில் நடக்கும் முழுத் தூரப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

"காலையில கட்டில்ல இருந்து இறங்கினா முதல் பத்து அடி நொண்டுறேன் சார். அப்புறம் சரியாயிடுது. நரம்பு இழுத்துக்கிச்சு போல."

நம் ஊரில் எது வலித்தாலும் நரம்புதான். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே, கயிறு மாதிரி இறங்கும் இடத்தை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பிடித்தேன். கட்டிலின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். இன்னொரு காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அது ஒல்லியாக இருந்தது. வலிக்கும் கால் தடித்து, முடிச்சு விழுந்தது போல் இருந்தது. அது நரம்பு அல்ல. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்.

கைக்கடிகாரக் கணக்கைக் காட்டச் சொன்னேன். கார்த்திகையில் வாரத்துக்கு 25 கிலோமீட்டர் ஓடியவர், மார்கழி நடுவில் 52 ஓடியிருக்கிறார். ஏன் என்றால், "குளிர்ல ஓடினா மூச்சே வாங்கல சார்."

எங்கே பிசகு என்பது இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. வெயில் காலத்தில் இதயத்துக்கு இரண்டு வேலை: தசைக்கு ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். ஓசூர்ப் பக்கம் மார்கழி விடியலில் இரண்டாவது வேலை பாதியாகிவிடும். அதே வேகத்தில் நாடித் துடிப்பு குறையும், ஓட்டம் லேசாகத் தெரியும், நாமும் தூரத்தைக் கூட்டுவோம். ஆனால் தசைநாணுக்குக் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையை அது தாங்கியாக வேண்டும். அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு. மூச்சு பழக வாரங்கள் போதும், தசைநாண் பழக மாதக்கணக்கில் ஆகும்.

அவருக்கு முழு ஓய்வு கொடுக்கவில்லை. மேட்டு ஓட்டமும் வேக ஓட்டமும் நிறுத்தம். நீச்சல், சைக்கிள் தொடரலாம். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலால் எழும்பி, வலிக்கும் காலில் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று, காலை மாலை, 12 வாரம். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை அந்தப் பத்து அடி பதினைந்து அடியாகக் கூடாது. அளவுகோல் அதுதான்.

பயிற்சி அட்டவணையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் கருவி) சைக்கிள் மிதிக்கும் காலம். வெளியில் நீண்ட தூரம் போவதெல்லாம் ஏப்ரல், மேயில். நமக்கு அப்போது கத்திரி வெயில்! அதை அப்படியே காப்பியடித்தால் குளிரில் வீட்டுக்குள்ளும் வெயிலில் ரோட்டிலும் இருப்போம். என் கணக்கு வேறு: மார்கழி முதல் மாசி வரை கிடைக்கும் நல்ல காலைகளைச் சைக்கிளுக்குக் கொடுங்கள். அதில் குதிகாலுக்கு இடி விழாது, இதயத்துக்கு வேலை நிறைய. ஓட்டத்தைப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

எங்கே ஓட்டுவது? தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் பாதித் தூரப் போட்டியின் 90 கணக்காக வந்துவிடும். பென்னாகரம் தாண்டினால் காட்டு இறக்கம், யானை நடமாடும் இடம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள். இறக்கத்தில் மிதிக்க வேலை இருக்காது, வியர்த்த சட்டையில் காற்று அறையும், முழங்கால் விறைத்துவிடும். சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வையுங்கள். ஐரோப்பிய சைக்கிள் பந்தயக்காரர்கள் அந்தக் காலத்திலேயே செய்த வேலை அது. திரும்பி ஏறும்போது முதல் பத்து நிமிடம் லேசான கியர். தொப்பூர் கணவாய்ப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் பிடிக்காத லாரிச் செய்தி நமக்குப் புதிதா என்ன?

குளிரில் தாகம் தெரியாது. நிரப்பிப் போன பாட்டிலை அப்படியே திரும்பக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. கிளம்பும் முன் உள்ளாடையோடு எடை பாருங்கள். வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்த ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். எடை கூடியிருந்தால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் நீண்ட பயணத்துக்கு நல்லது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு பிரச்சினை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். மற்றவர் இரண்டு லிட்டர் குடிக்கும் இடத்தில் பயிற்சி செய்பவர் ஐந்து லிட்டர் குடிப்பார், புளோரைடும் அதே விகிதத்தில் உள்ளே போகும். இடுப்பு விறைப்பு, மூட்டு வலி என்று வருகிறவர்களிடம் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பார்ப்பேன், போர்வெல் தண்ணீரா என்று கேட்பேன். கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டினால் குறையும்.

நீச்சலுக்கு, மழை முடிந்து கிணறுகள் நிரம்பியிருக்கும் காலம் இது. விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் 12 மீட்டர் அகலக் கிணற்றில் 3.8 கிலோமீட்டர் என்றால் முந்நூறு தடவைக்கு மேல் குறுக்கே போக வேண்டும்; ஒவ்வொரு தடவையும் சுவரை உதைத்துத் திரும்புவதால் தொடர் நீச்சல் பழகாது. ஆழத்தைப் பற்றிய பயம் போக நல்லது, அவ்வளவுதான். தனியாக இறங்காதீர்கள். தடைப் பலகை இருக்கும் அணைகளிலும் இறங்காதீர்கள்.

கடைசியாக, கொஞ்சம் கண்டிப்போடு இரண்டு விஷயம். மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் லேசாகப் பயிற்சி செய்யலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி என்றால் ஒருநாள்கூட வேண்டாம். வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. நெஞ்சு அழுத்தமோ மயக்கமோ வந்தால் என்னிடம் வராதீர்கள், நேரே இதய மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று, மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் மிதித்தால், நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம்தான் அடி வாங்கும். வலி சொல்ல வந்ததும் நம் காதில் விழாது.

ரோத் போக இருந்தவர் மாசி கடைசியில் போன் செய்தார். "இன்னிக்கு ரெண்டு அடிதான் சார் நொண்டினேன். ஓடலாமா?"

சமதரையில் இருபது நிமிடம், பக்கத்தில் பேச ஓர் ஆளோடு, என்றேன்.