பக் என்றால் பூச்சியா, பிழையா, வழுவா?

மென்பொருள் சோதனை பற்றிய பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிவிட்டு, ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் இந்த வரி: "நிரலாளர் செய்யும் பிழை, நிரலில் பிழையாகப் பதிகிறது, அந்தப் பிழை இயங்கும்போது பிழை ஏற்படுகிறது." ஒரே வாக்கியத்தில் நான்கு பிழை. மூலத்தில் எரர், டிஃபெக்ட், ஃபெயிலியர் என்று மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்பதுதான் அந்தப் பாடமே. தேர்விலும் அதைத்தான் கேட்பார்கள். படிக்கிற பிள்ளை என்ன எழுதும்?

நாலு பக்கம் தள்ளி வேறொருவர் மொழிபெயர்த்த பகுதி வந்தது. ஆங்கிலத்தில் பூச்சிக்கும், கணினி நிரலில் (புரோகிராமில்) உள்ள குறைக்கும் பக் என்றே பெயர். அங்கே பக் "பூச்சி" ஆகியிருந்தது. "பூச்சிகளைக் கண்டறிந்து அகற்றுதல்" என்று ஒரு தலைப்பு. வேளாண் கல்லூரிப் பாடம் தவறிப்போய் உள்ளே வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பூச்சிக் கதை எல்லாருக்கும் தெரியும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் மார்க் 2 கணினியின் ரிலே (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சு) ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையாகவே பக் அகப்பட்டது இதுதான் முதல்முறை என்று கீழே எழுதிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. இதை வைத்துத்தான் பக் என்ற சொல்லே பிறந்தது என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிவருகிறோம். கொஞ்சம் யோசித்தால் போதும்: பக் என்றால் கோளாறு என்ற பொருள் முன்பே புழங்கியிருந்ததால்தானே அந்தக் குறிப்பு வேடிக்கையாகிறது? எடிசன் 1878-லேயே தன் கடிதம் ஒன்றில் கருவிகளில் தலைகாட்டும் சின்னச் சின்னக் கோளாறுகளை பக் என்று எழுதியிருக்கிறார். அதற்கும் பின்னால் போனால், இடைக்கால ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குப் பேய், பூதம் என்றும் பொருள் இருந்தது. நேருக்கு நேர் பெயர்த்தே ஆக வேண்டுமென்றால் பூச்சியைவிடப் பூச்சாண்டி பொருந்தும்.

பூச்சி மேல் எனக்கு இன்னொரு கோபம். பூச்சி தானாக வந்து நுழைவது. கதவு திறந்திருந்தது, வந்துவிட்டது, நான் என்ன செய்ய? டச்சுக் கணினி அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1988-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் கடிந்தார்: பக் என்று சொல்லாதீர்கள், எரர் என்று சொல்லுங்கள், நிரலாளர் தன் கையால் செய்ததை எங்கிருந்தோ ஊர்ந்து வந்ததுபோலப் பேசாதீர்கள் என்றார். ஆங்கிலக்காரர்களுக்காவது அந்தச் சொல் பழகித் தேய்ந்துவிட்டது, கேட்டால் பூச்சி நினைவுக்கு வராது. நாம் எதற்கு அதைப் புதிதாக இறக்குமதி செய்து உயிர்கொடுக்க வேண்டும்?

சரி, பூச்சியை அடித்தாயிற்று. பெரிய சண்டை பிழையோடுதான்.

பிழை நல்ல சொல். எழுத்துப்பிழை, அச்சுப்பிழை என்று வீட்டுச் சொல்லாகவே இருக்கிறது. அதுவே அதன் தொல்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆள் செய்ததும் பிழை, ஆவணத்தில் இருப்பதும் பிழை, திரையில் சிவப்பாக வருவதும் பிழை. போதாததற்குப் பிழைத்தல் என்றால் உயிர்தப்புதல் என்றும் பொருள். "இந்த நிரல் பிழைக்குமா?" என்று கேட்டால், தவறிப்போகுமா என்கிறோமா, தேறிவருமா என்கிறோமா?

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990-ல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்ட மென்பொருள் சொற்றொகையில் எரர் என்ற ஒரே சொல்லுக்கு நான்கு பொருள் கொடுத்துவிட்டு, அவற்றைப் பிரித்துச் சொல்ல நான்கு தனிச் சொற்களையும் காட்டினார்கள். அவர்கள் குழம்பியபின் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் பிரித்துவைத்ததை நாம் எடுத்து மறுபடி ஒன்றாகக் கலக்கிவைத்திருக்கிறோம்.

வகுப்பில் நான் காட்டும் உதாரணம் இது. ஐந்து பாட மதிப்பெண்ணைக் கூட்ட சி மொழியில் ஒரு நிரல். மதிப்பெண்களை வரிசையாக வைக்கும் அணியில் (அர்ரே) இடங்கள் 0 முதல் 4 வரை. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் சுழற்சியின் (லூப்) நிபந்தனையில் மாணவர் "5-ஐவிடச் சிறியது" என்பதற்குப் பதிலாக "சிறியது அல்லது சமம்" என்று அடித்துவிடுகிறார். அப்படி நினைத்தது, அடித்தது, அவருடைய தவறு (எரர்). அதனால் நிரலில் தங்கிவிட்ட அந்த ஒரு சமக்குறி, வழு (டிஃபெக்ட்). இப்போது நிரல் ஆறாவதாக ஓர் இடத்தையும் எட்டிப் பார்த்துக் கூட்டும். சி மொழி தடுக்காது. அந்த இடத்தில் தற்செயலாக 0 கிடந்தால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். ஆய்வகக் கணினியில் அப்படித்தான் வந்தது, மாணவரும் சிரித்துக்கொண்டே போனார். வெளித்தேர்வாளர் முன்னால் வேறு கணினியில் ஓட்டியபோது 500-க்கு 33 ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டியது. அதுதான் கோளாறு (ஃபெயிலியர்). வழு இரண்டு கணினியிலும் இருந்தது, கோளாறு ஒன்றில் மட்டும்தான் தெரிந்தது. "இரண்டிலும் பிழை" என்று எழுதினால் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது?

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஏரியான் 5 என்ற ஐரோப்பிய ராக்கெட் இருக்கிறது. 1996 ஜூன் 4, கிளம்பிய 40 வினாடிக்குள் திசைமாறி வெடித்தது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் அடைக்கப் பார்த்த இடத்தில் அது கொள்ளவில்லை. அந்தப் பகுதி ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்தது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு எண் அந்த அளவைத் தாண்டியதே இல்லை, அதனால் கோளாறும் வரவில்லை. புதிய ராக்கெட்டின் பாதைக்கு அது தாங்குமா என்று பார்க்காமல் விட்டது தவறு, காப்பில்லாத அந்த எண்மாற்றம் வழு, வானத்தில் நடந்தது கோளாறு. மூன்று சொல்லையும் பொருத்திப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிகிறது.

கோளாறு என்பதை நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று ரயில் நிலையத்தில் கேட்கிறோமே, அதுதான்: வெளியே நிற்பவனுக்குத் தெரிவது. ஃபெயிலியருக்குத் "தோல்வி" போடுபவர்கள், தேர்வில் தோற்ற பையனையும் தப்பான விடை காட்டிய நிரலையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள்.

வழு என்றால் பண்டிதத் தமிழ் என்பார்கள். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் வெகுநாளாகவே அதைப் புழங்கிவருகிறார்கள். வழுக்கி விழுந்தான், வழுவழுப்பு, கடமை வழுவாதவர் என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். இருக்க வேண்டிய இடத்திலிருந்து சறுக்கியது என்ற படம் அதிலேயே இருக்கிறது. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழு சொல்கிறது. இலக்கணம் இது, வாக்கியம் இதிலிருந்து நழுவிவிட்டது என்று காட்டும் சொல். வரையறை இது, நிரல் இதிலிருந்து நழுவிவிட்டது என்று காட்ட இதைவிட எது வேண்டும்?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வழுவமைதி. வழுதான், ஆனாலும் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்கிறோம் என்பது. மகளை "வாடா கண்ணா" என்கிற அம்மாவைப் போல. எக்செல்லில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள், 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே கிடையாது, 1900 லீப் ஆண்டு இல்லை. எக்செல்லுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3-ல் இருந்த வழு அது. அந்தக் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் தெரிந்தே வைத்துக்கொண்டது. "திருத்தப்போவதில்லை" என்று ஒதுக்கிவைக்கும் இப்படிப்பட்ட வழுக்களுக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை.

எடுக்காததற்குக் காரணம், மொழிபெயர்ப்பவர் பாடத்தைப் படிப்பதில்லை, அகராதியைப் பார்க்கிறார். செல்பேசியில் இறக்குவதும் செயலி, சில்லுக்குள் இருப்பதும் செயலி. கணினிக்கு எழுதுவதும் நிரல், அணிக்கோவையில் மேலிருந்து கீழாகப் போவதும் நிரல். ஒவ்வொரு சொல்லும் தனியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால்தான் வண்டவாளம் தெரியும்.

வழுவுக்கு எதிராக ஒரே ஒரு வாதம் என்னை உறுத்துகிறது. ழகரம். வகுப்பில் வழு என்று சொன்னால் பாதிப் பேர் காதில் வலு என்று விழுகிறது. போன பருவத் தேர்வில் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "மென்பொருளை ஒப்படைக்கும் முன் அதன் வலுவைக் கண்டறிந்து முற்றிலும் நீக்க வேண்டும்." பாதி மதிப்பெண் போட்டேன்.