ஒரே எண்ணுக்குப் பதில் பத்தாயிரம் பாதைகள்

பணவீக்கம், வட்டி வீதம், உற்பத்தி வளர்ச்சி போன்ற பல தொடர்களை ஒன்றாக வைத்து முன்கணிக்கும்போது, கணித மாதிரியிடமிருந்து விடையை நேரடியாகப் பெறாமல் ஆயிரக்கணக்கான கற்பனைப் பாதைகளை ஏன் உருவாக்குகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு மாறிக்கும் ஒவ்வொரு காலத்துக்கும் உரிய சராசரி முன்கணிப்பும் பிழை எல்லையும் சூத்திரத்திலேயே கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நாம் உண்மையில் அறிய விரும்பும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு மாறியையோ ஒரு காலாண்டையோ மட்டும் பற்றியவை அல்ல.

அடிப்படை மாதிரியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிறிஸ்டபர் சிம்ஸ் 1980ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்த வெக்டர் ஆட்டோரிக்ரஷன், அதாவது 'வார்' மாதிரி, ஒவ்வொரு மாறியின் இன்றைய மதிப்பையும் எல்லா மாறிகளின் கடந்தகால மதிப்புகளைக் கொண்டு விளக்குகிறது. இத்துறைப் பணிக்காக அவரும் தாமஸ் சார்ஜென்டும் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மூன்று மாறிகள், நான்கு காலாண்டுப் பின்னோக்கு என்று எடுத்துக்கொண்டால் ஒரு சமன்பாட்டில் மாறிலியோடு சேர்த்து 13 கெழுக்கள், அதாவது தரவிலிருந்து மதிப்பிட வேண்டிய எண்கள்; மொத்தம் 39. இவற்றை மீச்சிறு வர்க்க முறையில் மென்பொருள் நொடிப்பொழுதில் கணக்கிட்டுவிடும். சமன்பாடுகளால் விளக்க முடியாமல் எஞ்சி நிற்பதே எச்சம். கற்பனைப் பாதைகளை உருவாக்கும் இந்த சிமுலேஷன் முழுவதும் அந்த எச்சத்தின் இயல்பை நம்பித்தான் நடக்கிறது.

கடைசியாகப் பதிவான மதிப்புகளைச் சமன்பாட்டில் இட்டு அடுத்த காலாண்டைக் கணக்கிட்டு, அதனோடு எச்சத்தின் இயல்பை ஒத்த ஒரு சமவாய்ப்பு மதிப்பை, அதாவது ஓர் அதிர்ச்சியைக் கூட்டி, வந்த விடையையே அடுத்த படிக்கு உள்ளீடாகத் தருகிறோம். எட்டுக் காலாண்டுகள் இப்படிச் சென்றால் ஒரு பாதை கிடைக்கும். இதைப் பத்தாயிரம் முறை செய்தால் பத்தாயிரம் பாதைகள். இதில் கடினமான இடம் ஒன்றே ஒன்றுதான்: மாறிகளின் அதிர்ச்சிகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை, கணினி தரும் சமவாய்ப்பு எண்களோ ஒன்றையொன்று அறியாதவை. தொடர்பற்ற எண்களிலிருந்து தொடர்புள்ள அதிர்ச்சிகளை எப்படிப் பெறுவது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வளர்ச்சி வீதத்தின் எச்சத்துக்குப் பரவற்படி (சிதறலின் அளவு) 0.04, பணவீக்கத்தின் எச்சத்துக்கு 0.05, இரண்டுக்கும் இடையிலான உடன் மாறுபாடு (இரண்டும் சேர்ந்து நகரும் அளவு) 0.02 என்று வைத்துக்கொள்வோம். இந்த எண்களை நிரைகளும் நிரல்களுமாக அடுக்கிய உடன் மாறுபாட்டு அணியை, ஒரு கீழ் முக்கோண அணியும் அதன் நிரைகளை நிரல்களாக்கிய நிரை நிரல் மாற்று அணியும் பெருக்கிய பெருக்கலாக எழுத முடியும். அந்த முக்கோண அணியின் முதல் நிரை 0.2, 0; இரண்டாம் நிரை 0.1, 0.2. பெருக்கிப் பார்த்தால் 0.04, 0.02, 0.05 ஆகிய மூன்றும் அப்படியே திரும்ப வரும். இப்போது கணினி 0.5, −1 என்ற இரு தொடர்பற்ற எண்களைத் தருவதாகக் கொண்டால், வளர்ச்சியின் அதிர்ச்சி 0.2 × 0.5 = 0.1, பணவீக்கத்தின் அதிர்ச்சி 0.1 × 0.5 + 0.2 × (−1) = −0.15. முதல் எண் இரண்டு அதிர்ச்சிகளிலும் நுழைந்திருப்பதைக் கவனியுங்கள். தொடர்பு பிறப்பது அந்த இடத்தில்தான்.

இந்தப் பகுப்பைக் கண்டவர் ஆந்த்ரே லூயி ஷொலெஸ்கி என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. நில அளவைக் கணக்குகளைத் தீர்ப்பதற்காக அவர் உருவாக்கிய முறை, 1918 ஆகஸ்டில் அவர் போரில் இறந்த பின்னர், 1924இல்தான் அச்சேறியது. மாறிகளின் வரிசையை மாற்றினால் முக்கோண அணி மாறுமே, முன்கணிப்பும் மாறிவிடாதா என்ற ஐயம் எழலாம். அதிர்ச்சிகளை மணி வடிவ இயல்நிலைப் பரவலிலிருந்து எடுக்கும்வரை மாறாது. இரு அணிகளின் பெருக்கல் அதே உடன் மாறுபாட்டு அணியைத் தருவதால் பாதைகளின் கூட்டுப் பரவல் அப்படியே இருக்கும். ஓர் அதிர்ச்சியின் காரணத்தைப் பிரித்துச் சொல்லும் ஆய்வில் மட்டுமே வரிசை பெரிய சிக்கலாகிறது.

இத்தனை பாடுபட்டதன் பயன் இனித்தான் தெரியும். மேற்கண்ட இரு அதிர்ச்சிகளும் தத்தம் பரவலின் உச்சப் பத்துச் சதவீதத்தில் ஒரே காலாண்டில் விழ வாய்ப்பு எவ்வளவு? தொடர்பே இல்லையெனில் 1 சதவீதம். இங்குள்ள தொடர்பைக் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ 3 சதவீதம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொடர்ந்து இரு காலாண்டுகள் வளர்ச்சி பூச்சியத்துக்குக் கீழே செல்லுமா என்ற கேள்விக்கு, அப்படிச் சென்ற பாதைகளை எண்ணினாலே போதும். தனித்தனிக் காலாண்டுகளின் எல்லைகளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை காண முடியாது. வரைபடத்தில் ஒவ்வொரு காலாண்டுக்கும் வரைந்த 95 சதவீதப் பட்டைக்குள் ஒரு பாதை எட்டுக் காலாண்டுகளும் தங்கியிருக்கும் வாய்ப்பு 95 சதவீதத்தைவிடக் குறைவு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மென்பொருளில் கவனிக்க வேண்டியது தொடக்க மதிப்பு. மேட்லாப், ஆர், பைத்தான் எதுவானாலும், கடைசிப் பதிவுகளைத் தொடக்கமாகத் தராவிட்டால் நிரல் சராசரியையோ பூச்சியத்தையோ எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது வரும் பாதைகள் இன்றைய நிலையிலிருந்து புறப்பட்டவை அல்ல; பார்வைக்கு நேர்த்தியாக இருந்தாலும் அவை முன்கணிப்பே ஆகா. சமவாய்ப்பு எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணைக் குறித்துவைத்தால் பிறரும் அதே விடையைப் பெறலாம். பாதைகளை நான்கு மடங்காக்கினால்தான் சிமுலேஷன் பிழை பாதியாகும் என்பதால் எண்ணிக்கையைக் கண்மூடித்தனமாகக் கூட்டுவதில் பயனில்லை. எச்சங்கள் இயல்நிலைப் பரவலில் இல்லையெனில், பிராட்லி எஃப்ரான் 1979இல் முன்வைத்த பூட்ஸ்ட்ராப் வழியில், உண்மையான எச்சங்களையே ஒரு காலாண்டுக்குரியவற்றை மொத்தமாக, பிரிக்காமல், மறுபடி மறுபடி எடுக்கலாம். மாறிகளுக்கிடையிலான தொடர்பு அதிலேயே அடங்கியிருக்கும்.

கெழுக்களும் மதிப்பீடுகளே என்பதால் அவற்றின் நிச்சயமின்மையையும் பாதைகளில் சேர்ப்பதே நேர்மை. பட்டை அகலமானால் பயனர்கள் ஏமாற்றமடைவார்கள் என்று அதை விட்டுவிடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிழை எல்லை சொல்லாத ஒற்றை எண் ஆரூடத்துக்குத்தான் நெருக்கமானது. இத்தகைய கணிப்புகளுக்குப் பயன்படும் திறந்த மென்பொருள் பொதிகள் பலவற்றைத் தன்னார்வலர்களே பராமரிக்கிறார்கள். ஆய்வு நிதி வழங்குவோர் அவர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும்.

ஒரு மாறியின் எதிர்காலம் முன்பே தெரிந்திருந்தாலும் இதே அணி கைகொடுக்கும். அடுத்த காலாண்டில் வளர்ச்சியின் அதிர்ச்சி 0.1 என்று நிலைப்படுத்தினால் முதல் எண் 0.5 ஆகிவிடுகிறது, பணவீக்க அதிர்ச்சியின் சராசரி 0.05க்கு நகர்கிறது, அதன் திட்டவிலக்கம் சுமார் 0.22இலிருந்து 0.2க்குச் சுருங்குகிறது. எஞ்சிய இரண்டாம் எண்ணை மட்டும் கணினி பத்தாயிரம் முறை எடுத்தால் போதும்.