கலங்கல் தண்ணீரில் களைக்கொல்லி கலக்காதீர்கள்

களைக்கொல்லி அடித்துப் பத்து நாளாகியும் களை பச்சையாக நின்றால், மருந்து போலி என்று கடைக்குப் போகும் முன் எந்தத் தண்ணீரில் கலக்கினோம் என்று யோசியுங்கள். கண்மாயில் மொண்ட கலங்கல் தண்ணீர் என்றால், களிமண் டேங்குக்குள்ளேயே மருந்தைப் பிடித்திருக்கும்.

கரிசலில் நிறைந்திருக்கும் மான்ட்மோரில்லோனைட் களிமண், அடுக்கி வைத்த அப்பளக் கட்டுபோல மெல்லிய தகடுகளால் ஆனது. தகடுகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. இடையில் கால்சியம், சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் உட்கார்ந்திருக்கும். பாரகுவாட் என்ற களைக்கொல்லியின் மூலக்கூறு இரண்டு நேர்மின்னூட்டம் கொண்டது, தட்டையானது. கால்சியத்தைத் தள்ளிவிட்டு இரண்டு தகடுகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். அங்கே நுண்ணுயிரிகள் எட்டாது என்பதால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இப்படி நேர்மின் அயனிகளைப் பிடித்து மாற்றிக்கொள்ளும் அளவுதான் அயனிப் பரிமாற்றத் திறன். 100 கிராம் மான்ட்மோரில்லோனைட்டுக்கு அது 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட் (மின்னூட்டத்தை எண்ணும் அலகு). செம்மண்ணில் அதிகமுள்ள கயோலினைட் களிமண்ணுக்கோ 3 முதல் 15 தான்.

அதற்காகச் செம்மண் எதையும் பிடிக்காது என்று எண்ண வேண்டாம். கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லி ஒட்டுவது தகடுகளுக்கு நடுவே இல்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேல். செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். பாஸ்பேட் உரம் ஒட்டுவதும் அதே இடத்தில். டி.ஏ.பி. போன்ற பாஸ்பேட் உரத்தை அள்ளிக் கொட்டிய வயலில் இரண்டும் இடத்துக்குப் போட்டி போடும். ஒட்டியிருந்த கிளைபோசேட்டில் ஒரு பகுதி மறுபடி மண்நீரில் இறங்கும். மண்ணில் பட்டதும் மருந்து செத்துவிட்டது என்று சொல்வது பாதி உண்மைதான். ஒட்டியது அழியவில்லை. மழையில் மேல்மண் கரையும்போது அதுவும் சேர்ந்து கண்மாய் வண்டலுக்குப் போகிறது. வரப்போரம் புல்லைச் செதுக்காமல் விட்டால் அந்த மண்ணில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும்.

டேங்க் விஷயத்துக்கு வருவோம். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. துணியை நாலாக மடித்து வடிகட்டினாலும் நிற்காது. 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. கீழே இறங்கவே சுமார் 8 மணி நேரம் பிடிக்கும்; அதைவிடப் பொடியானவை மறுநாளும் மிதக்கும். வாளி நிறைய மொண்டு ஒரு நாணயத்தைப் போட்டுப் பாருங்கள். அடியில் நாணயம் தெளிவாகத் தெரியாவிட்டால் அந்தத் தண்ணீர் பாரகுவாட்டுக்கும் ஆகாது, கிளைபோசேட்டுக்கும் ஆகாது. படிகாரம் போட்டுத் தெளிய வைத்துக் கிளைபோசேட் கலக்குவதும் தப்பு. படிகாரத்தின் அலுமினியம் மருந்தைக் கட்டிவிடும். போர் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் உப்புத் தண்ணீரானால் கால்சியமும் மக்னீசியமும் அதே வேலையைச் செய்யும். 10 லிட்டருக்கு 100 முதல் 200 கிராம் அம்மோனியம் சல்பேட்டை முதலில் கரைத்து, நாசில் அடைக்காமல் இருக்க வடிகட்டி, அதன் பிறகே கிளைபோசேட்டை ஊற்றுங்கள். வரிசை மாறினால் கால்சியம் முந்திக்கொள்ளும்.

2,4-டி என்ற களைக்கொல்லி மண்ணில் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் களிமண் தகடு அதை விலக்கும். தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். கிணற்றடியில் தெளிப்பானைக் கழுவாதீர்கள்.

அதிகக் கவனம் தேவைப்படுவது அட்ரசின் என்ற களைக்கொல்லி. மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 50 சதத் தூள் 500 கிராம் விதைத்த மூன்றாம் நாள் அடிக்கிறோம். அதற்கு மின்னூட்டம் இல்லை. மட்கில் ஓரளவும் களிமண்ணில் கொஞ்சமும் ஒட்டும். அமில மண்ணில் நன்றாக ஒட்டிச் சீக்கிரம் சிதையும். கரிசலின் காரத்தன்மையில் சிதைவது மெதுவாகும், அடுத்த போகம் வரை தங்கலாம். ஊடுபயிராகப் பயறு போடுவதானால் அட்ரசினே வேண்டாம்.

மக்காச்சோளத்துக்குப் பின் உளுந்து விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். வயலில் ஐந்தாறு இடத்தில் மேல் 10 செ.மீ. மண்ணை எடுத்துக் கலந்து ஒரு தொட்டியிலும், மருந்து படாத மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பிப் பத்துப் பத்து உளுந்து விதை ஊன்றுங்கள். இரண்டிலும் முளைப்பு ஒன்றுபோலவே இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அட்ரசின் இருந்தால் நாற்று சில இலை விட்ட பிறகு, அடி இலையின் ஓரம் மஞ்சளாகிப் பின் கருகி உள்நோக்கி வரும். அப்படி வயல் மண் தொட்டியில் மட்டும் தெரிந்தால், அந்தப் போகத்துக்கு உளுந்தை விட்டுவிட்டுச் சோளம் போடுங்கள்.