ஐம்பதுக்கு மேல் சாய்வு சைக்கிள் பழகுகிறவர்களுக்கு

ஒரு திங்கட்கிழமை காலை, கணுக்கால் வீங்கி, மனைவியின் தோளைப் பிடித்தபடி அவர் வந்தார். 61 வயது. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். கழுத்து வலிக்காக ஏற்கெனவே என்னிடம் பிசியோதெரபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார் விழுந்தீங்க?"

"விழவே இல்லம்மா. உட்கார்ந்த இடத்துலயே கால் உள்ள போயிடுச்சு."

மருமகன் பெங்களூரிலிருந்து ரிகம்பென்ட் என்கிற சாய்வு சைக்கிள் ஒன்றை வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஈஸிசேரில் சாய்கிற மாதிரி உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். வேகத்தடையில் வண்டி குலுங்கியதும் வலது கால் பெடலை விட்டு நழுவி, குதிகால் தார்ச்சாலையில் ஊன்றிவிட்டது. வண்டி நிற்கவில்லை. அது முன்னால் உருள, ஊன்றிய கால் வண்டிக்கு அடியில் இழுபட்டுவிட்டது. ஜவ்வில் சின்னக் கிழிசலோடு தப்பினார். அதே இழுப்பில் கணுக்கால் எலும்பு முறியலாம், முட்டி முறுக்கிக்கொள்ளலாம்.

சாதாரண சைக்கிளில் தடுமாறினால் காலை ஊன்றிக்கொள்வோம், பிழைத்துக்கொள்வோம். சாய்வு சைக்கிளில் அந்தப் பழக்கமே காலுக்கு வினையாகிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்: "சைக்கிள்தான் நமக்குத் தெரியுமே" என்ற தைரியத்தில் இதில் ஏறாதீர்கள். அவர் சின்ன வயதில், மலைக்குக் கீழே காரமடையில் வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்கு பெடல் போட்டுக் கற்றவர். ஐம்பது வருடமாக உடம்பில் ஊறியது, யோசிப்பதற்குள் காலை இறக்கிவிட்டது. மலையிலேயே பிறந்து, ஏற்ற இறக்கத்துக்குப் பயந்து சைக்கிளே தொடாமல் வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. மறக்க வேண்டியது எதுவும் இல்லாததால் அவர்களுக்கு மூன்று சக்கர வண்டி சீக்கிரம் வசப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று சக்கரம் என்றால், குதிகாலைத் தாங்கும் பிடியும் பாதத்தைக் கட்டும் பட்டையும் பெடலில் இருந்தே ஆக வேண்டும். அவர் வண்டியில் அப்போது இரண்டும் இல்லை, பிறகுதான் மாட்டினோம்.

வீக்கம் வடிந்த பிறகு, "இனி அத விட்டுடணுமாம்மா? ஊர்ப் பசங்க வேற நோயாளி வண்டிங்கறாங்க" என்று கேட்டார். விட வேண்டாம் என்றேன். குனிந்துகொண்டு தலையை மட்டும் நிமிர்த்தும் வேலை இதில் இல்லை. அவர் கழுத்துக்கு அது பெரிய ஆறுதல். மணிக்கட்டில் பாரம் விழாது, சீட் அழுத்தி மரத்துப்போகாது. பசங்களிடம் சொல்ல ஒரு கதையும் கொடுத்தேன். 1933-இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர், சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டி, 1914-லிருந்து முறியாமல் நின்ற சாதனையைத் தாண்டினார். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வடிவத்தைப் போட்டிகளிலிருந்து விலக்கிவைத்தது. நோயாளி வண்டிக்கா அந்தக் கதி வரும்?

அடுத்தது முட்டி. நீலகிரியில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சாதாரண சைக்கிளில் ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிப்போம். பெடலில் இறங்கும் பலம் ஏறக்குறைய நம் உடல் எடையோடு நின்றுவிடும். சாய்வு சைக்கிளில் எழ முடியாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் சீட் இருக்கிறது. நின்றுபோன ஜீப்பை முதுகைக் கொடுத்துத் தள்ளுவதுபோல, உடல் எடைக்கு மேலேயும் பெடலை உதைக்கலாம். அந்த பாரம் முழுக்க முட்டிச் சில்லில் போய் விழும். ஓட்டும்போது தெரியாது, மறுநாள் படி இறங்கும்போது தெரியும்.

அதனால் உதைக்காதீர்கள், சுற்றுங்கள். கியரைக் குறைத்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் 15 விநாடி எண்ணுங்கள். 18 முதல் 20 சுற்று வந்தால் சரி. அதற்குக் கீழே போனால் இன்னும் கியரைக் குறையுங்கள். குறைக்கக் கியர் இல்லையென்றால் அந்த ஏற்றம் உங்களுக்கு வேண்டாம். சீட் தூரமும் முக்கியம். குதிகாலைப் பெடலில் வைத்து முழுக்க நீட்டினால் கால் நேராக வர வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு தானாகவே வரும்.

லாரி வராத ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் முற்றத்தில் பழகினோம். நான் பக்கத்தில் நடந்தபடி திடீரென்று "நிறுத்துங்க" என்பேன். முதல் நாள், சொன்ன ஒவ்வொரு முறையும் பிரேக் பிடிப்பதற்கு முன்னால் வலது குதிகால் பட்டைக்குள் துடித்து எழும். திட்டவில்லை, அது உடம்பின் பழைய விசுவாசம். பிரேக், வண்டி நிற்பது, அப்புறம்தான் கால் என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொடுத்தேன். நிற்பதற்கு முன்பே கியரைக் குறைக்கவும் பழக்கினேன்; நின்ற வண்டியைக் கனமான கியரில் கிளப்புவதும் முட்டிக்குக் கேடுதான்.

இரண்டு சக்கர ரிகம்பென்ட் என்றால் கதையே வேறு. அங்கே நிற்கும்போது கால் ஊன்றித்தான் ஆக வேண்டும், அதனால் பழகும் வரை பட்டை கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவில், இரண்டு காலையும் தொங்கவிட்டு, மிதிக்காமல் உருளப் பழகுங்கள். இடுப்பை அசைத்துச் சமாளிக்க வழியில்லை, எல்லாம் கைப்பிடியில்தான். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் வண்டி பாம்பாக நெளியும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மூன்று சக்கரத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. சைக்கிள் எலும்புக்கு வலுச் சேர்ப்பதில்லை, ஆகவே நடையையும் விடக் கூடாது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதல் சில நாட்கள் மூச்சு வாங்கும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது, அதனால் கையில் கட்டிய வாட்ச்சை நம்பாதீர்கள். ஓட்டியபடி ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மார்பில் அழுத்தம் வந்தால் நிறுத்திவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்.

சாலையில் உங்கள் தலை, காரின் ஜன்னல் மட்டத்துக்கும் கீழே இருக்கும். வளைவில் பஸ் டிரைவருக்கு உங்களைத் தெரியாது. உயரமான கம்பில் கொடியும், பனிமூட்டத்தில் முன்னும் பின்னும் விளக்கும் வேண்டும். கல்லட்டி போன்ற 36 கொண்டை ஊசி வளைவு உள்ள இறக்கங்களை நினைக்கவே வேண்டாம். அதிகாலையும் அந்தியும் எஸ்டேட் சாலைகளில் காட்டெருமை நிற்கும். அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்துகொண்டு அதன் எதிரே போய் நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

அவர் இப்போது வாரத்தில் நான்கு நாள், பனி விலகி ஒன்பது மணிக்கு மேல், வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே உள்ள சமமான துண்டில் மட்டும் ஓட்டுகிறார். போன வாரம் அந்த வழியாகப் போனவள், பழைய ஞாபகத்தில் பின்னாலிருந்து "நிறுத்துங்க" என்று குரல் கொடுத்தேன். வண்டி நின்றது. இரண்டு காலும் பெடலிலேயே இருந்தன.